கதவு எண் கட்டாயம்

கவிப்பிரியா எழுதிய ஸ்கீமாவில் ஓட்டை இருக்காது என்று மண்ணூர்பேட்டை ஆபீசில் ஒரு பேச்சு இருந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண்ணுக்கு அது பெரிய பெயர். அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

பெரிய ஆபீஸ் ஒன்றும் இல்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் கீழே பேரிங் கடை, மாடியில் இவர்கள். சுற்றியிருக்கும் கம்பெனிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன ஆப்களை எழுதிக் கொடுப்பார்கள். ஆப்பில் ஒருவர் தன் விவரத்தை நிரப்பி அனுப்பினால், அதை உள்ளே சேர்த்துக்கொள்வதற்கு முன்னால், கேட்டது வந்திருக்கிறதா, கேட்ட மாதிரி வந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். போன் எண் கேட்ட இடத்தில் பெயர் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். என்னென்ன வரலாம், எந்த வடிவத்தில் வரலாம் என்று டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதி வைக்கும் விதிக்குத்தான் ஸ்கீமா என்று பெயர். மற்றவர்கள் அவசரத்தில் எது வந்தாலும் வரட்டும் என்று திறந்து விட்டுவிடும் இடங்களைக் கவிப்பிரியா தேடிப் பிடித்து அடைப்பாள். கேட்காத விவரம் ஒன்று கூடுதலாக வந்தாலும் அவளுடைய ஸ்கீமா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும்.

டீம் லீட் ரோஷினிக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. கொஞ்சமாகக் கேள், கேட்டதில் விட்டுக்கொடுக்காதே என்பாள். கவிப்பிரியா இரண்டாவது பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருடம் எஸ்டேட்டில் இருந்த ஒரு கம்பெனிக்கு வேன் ஆப் செய்யும் வேலை வந்தது. காருக்கு வேண்டிய ஒயர்களை வெட்டிக் கட்டித் தரும் கம்பெனி. லைனில் உட்காருபவர்கள் எல்லாம் பெண்கள், பாதிக்கு மேல் கான்ட்ராக்ட். ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு என்று சுற்று வட்டாரத்திலிருந்து அவர்களை ஏற்றி வர வேன்கள் ஓடின. வேனில் இடம் வேண்டும் என்றால் அதுவரை பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள். இனி ஆப்பில் போட வேண்டும். வேன்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் கோவிந்தராஜ் பழைய பேப்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, இதில் இருப்பதெல்லாம் வந்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். எம்ப்ளாயி நம்பர், பெயர், ஷிப்ட், ஏறும் ஸ்டாப்பிங், கதவு எண், தெருப் பெயர், ஊர்.

அந்தக் கம்பெனியில்தான் கவிப்பிரியாவின் அம்மா நாகவல்லி ஒயர் கட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசில் இது யாருக்கும் தெரியாது. கவிப்பிரியாவின் வீடு எங்கே என்பதும் சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் பூந்தமல்லி பக்கம் என்பாள். தங்கியிருப்பது மேனாம்பேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாரிவாக்கத்துக்குப் போவாள். ஊருக்குள் போகாமல் ஏரிக்கரையோரம் திரும்பினால் காலனி. தாத்தா காலம் வரைக்கும் காலனியில் எல்லோரும் ஊர்க்காரர்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். இப்போது நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. அப்பா வேம்புலி ஒரு குடோனில் லோடு இறக்குகிறார். ஆபீசில் இருக்கும்போது அம்மா போன் செய்தால் கவிப்பிரியா மாடிப்படிக்கு எழுந்து போய்விடுவாள். அங்கேயும் குரலைத் தாழ்த்தி, 'ஊடு' என்று வரவேண்டிய இடத்தில் 'வீடு' என்றே பேசுவாள். அம்மாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போன் செய்வதை அவளாகவே குறைத்துக்கொண்டாள்.

ஆப்பில் எதையெல்லாம் கட்டாயமாகக் கேட்பது என்று பேச எல்லோரும் ரோஷினியின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்த ரோஷினி கதவு எண்ணில் நின்றாள். நம்பர் இல்லாத வீடு இருக்குமா என்று பொதுவாகக் கேட்டாள். இந்தக் காலத்தில் ஏது, டெலிவரிக்கு ஆளே வர மாட்டானே என்று பக்கத்து சீட் வெங்கட் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கவிப்பிரியாவின் வீட்டுக்கு நம்பர் கிடையாது. அவள் வீட்டுக்கு மட்டுமல்ல, ஏரிக்கரையோரம் பின்னாளில் கட்டிய எந்த வீட்டுக்கும் கிடையாது. அங்கே தெரு என்றுகூட ஒன்று இல்லை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் போகிற அளவுக்கு வழி மட்டும் உண்டு. ரேஷன் கார்டில் 'காலனி, பாரிவாக்கம்' என்பதோடு சரி. இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அடுத்தது எந்த இடம் என்று கேட்பார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு ஒருவர் முகம் எப்படி மாறும் என்பதைக் காலேஜில் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். முதல் வருடம் முழுக்க ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட தோழி, வீட்டுக்கு வந்து போன பிறகு தனி டிபன் கொண்டுவர ஆரம்பித்தாள்.

ரோஷினி இன்னும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். ஆனால் கவிப்பிரியா பேசினாள். "கட்டாயம்னே போட்டுடலாம். காலியா விட்டா அப்புறம் டேட்டா குப்பையாயிடும்."

அதுதான் முடிவானது. கதவு எண் இலக்கத்தில் தொடங்க வேண்டும், தெருப் பெயரில் குறைந்தது மூன்று எழுத்தாவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதினாள். நிரப்பாமல் அனுப்பினால் சிவப்பில் ஒரு வரி தோன்றும். தமிழில் டைப் செய்ய ஆபீசில் அவளுக்குத்தான் வேகம் என்பதால் அந்த வரியையும் அவளே அடித்தாள். 'கதவு எண் கட்டாயம்.'

ஆப் தயாரானதும் கம்பெனியில் போய்க் காட்ட ரோஷினி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அன்று காலை ஷிப்ட் என்று தெரியும். கான்பரன்ஸ் ரூமில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எந்த விவரத்தைத் தப்பாகப் போட்டாலும் ஆப் பிடித்துவிடுவதைப் பார்த்துக் கோவிந்தராஜ் சந்தோஷப்பட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கேண்டீனுக்கு அழைத்துப் போனார். ஆபீசர்களுக்கு ஒரு பக்கம் மேஜை போட்டிருந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது லைன் பெண்கள் உள்ளே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, தலையில் ஒரே குல்லாய். ஆனாலும் அம்மாவின் நடையை அவளால் அடையாளம் காண முடிந்தது. நாகவல்லியும் பார்த்துவிட்டாள். தட்டோடு இரண்டு அடி இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். கவிப்பிரியா சட்டென்று போனை எடுத்துக் குனிந்துகொண்டாள். திரையில் எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது அம்மா கடைசி வரிசையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

இரவு அம்மா போன் செய்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை.

ஆப் வந்த முதல் வாரமே காலனிப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். எதைப் போட்டாலும் அந்தச் சிவப்பு வரியே வந்தது. இனிமேல் ஆப்பில் பதிந்தவர்களை மட்டும்தான் ஏற்றுவோம் என்று வேன் டிரைவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாகவல்லி போனைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். நம்பர் கேட்குது, என்ன போடுவது என்று கேட்டாள். வேறு யாரோ செய்தது, ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் கவிப்பிரியா. கேட்கவில்லை. புதன்கிழமை அம்மாவே போன் செய்து, சரியாகிவிட்டது, அலைய வேண்டாம் என்று சொன்னாள். எப்படிச் சரியானது என்று கவிப்பிரியா கேட்கவில்லை. தானாகத் தீர்ந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

சரிசெய்து கொடுத்தவள் கலைவாணி. ஊர்ப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த ஜெயராமனின் மருமகள். அவளும் அதே லைனில்தான் வேலை செய்தாள். கம்பெனிக்குள் நாகவல்லியை அக்கா என்பாள். ஊருக்குள் எதிரே பார்த்தால் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாள், அக்கா என்றும் சொல்ல மாட்டாள், ஒரு சிரிப்போடு போய்விடுவாள். சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, என் வீட்டு நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருவர் போனையும் வாங்கி அவளே போட்டும் கொடுத்தாள். ஆப் ஏற்றுக்கொண்டது. இலக்கத்தில் தொடங்கும் கதவு எண், மூன்று எழுத்துக்கு மேல் தெருப் பெயர். ஸ்கீமாவின் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.

இரண்டு மாதம் போன பிறகு கோவிந்தராஜிடமிருந்து ஒரு புகார் வந்தது. பாரிவாக்கத்தில் ஒரே வீட்டு முகவரியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள், வெளியாட்கள் யாரோ வேனில் ஏறுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, இந்த மாதிரி இருந்தால் ஆப்பே காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு வீட்டில் இத்தனை பேர் எப்படிப் படுப்பார்கள் என்று வெங்கட் கிண்டலடித்தான். ரோஷினி அந்த வேலையைக் கவிப்பிரியாவிடம் கொடுத்தாள்.

பெயர்களைத் திறந்து பார்த்தாள். நாகவல்லி. கீழே சித்தி. அதற்கும் கீழே பக்கத்து வீட்டு அக்கா, பள்ளியில் கூடப் படித்த காவ்யாவின் அம்மா, எல்லோரும் தெரிந்தவர்கள். நடுவில் கலைவாணி. பார்த்த நிமிடத்திலேயே நடந்தது முழுக்க விளங்கிவிட்டது. எழுந்து ரோஷினியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சொன்னால் மீட்டிங்கில் பேசியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரே முகவரியில் நாலு பேருக்கு மேல் வந்தால் அந்தப் பெயர்களைத் தனியாக எடுத்து மேனேஜருக்கு அனுப்பும்படி எழுதினாள். யாரையும் இது நிறுத்தவில்லையே, காட்டத்தானே செய்கிறது, பார்க்கிறவர்கள் விசாரித்துப் புரிந்துகொள்வார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. சுத்தமாக இருக்கிறது என்று ரோஷினி பாராட்டினாள்.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் கவிப்பிரியா ஊருக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னாள். மூன்றாவது ஞாயிறு போனபோது அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றாள். அப்பாதான் சொன்னார். வேன் நின்றுவிட்டதாம். விடியும் முன்பே கிளம்பி ஆவடி ரோடு வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, நடுவில் ஒரு இடத்தில் இறங்கி மாறிப் போகிறாளாம். காலனியிலிருந்து போகிற எல்லோருக்கும் அதே கதிதான். சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். போகும்போது மகளைப் பார்க்கவில்லை.

நாகவல்லி தைலத்தை மூடி வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், யாரோ இன்னொருத்தருக்கு நடந்ததைப் போல அதைச் சொன்னாள். கம்பெனியிலிருந்து செக்யூரிட்டி ஆள் ஒருவன் ஜெயராமன் வீட்டுக்கு வந்து, இவர்கள் எல்லாம் இங்கேயா இருக்கிறார்கள் என்று பெயர்களைப் படித்துக் கேட்டிருக்கிறான். ஜெயராமன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார்.

"இவளுங்கள்லாம் எங்க ஊட்டு வாசப்படியே ஏறுனது இல்லன்னாராம்" என்றாள் நாகவல்லி. "வாஸ்தவந்தானே. நாம எப்ப ஏறுனோம்?"

மறுநாள் ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில், எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருக்க, இவர்களை மட்டும் பெயர் கூப்பிட்டு கம்பெனி கேட் அருகே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலைவாணியும் நின்றாள். கம்பெனியை ஏமாற்றியதாகச் சொல்லி, ஆளுக்கொரு எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேன் பாஸ் ரத்து.

கவிப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆப்பு உங்க ஆபீசுல பண்ணதுதானே?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா."

"நீயா பண்ண?"

"நான் மட்டும் இல்லம்மா."

"அந்த நம்பர் கேக்குற எடம்?"

"அது நான்தான்."

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது.

"நம்ம ஊட்டுக்கு நம்பர் இல்லன்னு ஒனக்கு தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரியாம பண்ட்டேன்னு சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள் நாகவல்லி.

அவள் குரலில் கோபம் இல்லை. ஏமாந்துபோன ஆளின் குரலாக இருந்தது. கவிப்பிரியா தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா தடுக்கவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. அழுது முடித்த பிறகு, சோறு ஆறுகிறது, எழுந்து சாப்பிடு என்றாள். சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள். "அன்னிக்கி கேண்டீன்ல நீ பாக்காத மாதிரி இருந்தியே, அது எனக்கு பெருசா படல. வேலைக்கு வந்த எடத்துல எதுக்குன்னு நானே ஒதுங்கிக்கினேன். இது அப்பிடி இல்ல. இதுல அடுத்தவங்களும் கீறாங்க."

திங்கட்கிழமை காலை கவிப்பிரியா பையைக்கூட மேஜையில் வைக்காமல் ரோஷினியிடம் போனாள். ஆபீசில் இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். அப்படிக் கேட்டால் மறுபடியும் ஒளிப்பது போலாகும் என்று நின்ற இடத்திலேயே ஆரம்பித்தாள்.

"பாரிவாக்கத்துல ஒரே அட்ரஸ் போட்டவங்க யாரும் ஏமாத்தல. அவங்க வீட்டுக்கு நம்பர் கிடையாது. தெருவும் கிடையாது. ஆப் உள்ளயே விடல, அதனால இன்னொருத்தர் நம்பரைப் போட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரோஷினி.

"அதுல ஒருத்தர் எங்கம்மா. அந்தக் காலனிதான் என் ஊடு."

வெங்கட் கீபோர்டில் தட்டுவதை நிறுத்தினான். ரோஷினி நாற்காலியைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு மீட்டிங்ல நான் கேட்டேனே கவி."

"கேட்டீங்க."

"நீதான் கட்டாயம்னு சொன்ன."

"ஆமா. இல்லன்னு சொன்னா உங்க வீடு எங்கன்னு கேப்பீங்க. அதான்."

ரோஷினி ஏதோ சொல்ல வந்தாள். "கேட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகமும் சிறுத்துப் போனது. பிறகு போனை எடுத்துக் கோவிந்தராஜுக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பாரிவாக்கத்துப் பெண்களின் விஷயத்தை விளக்கிவிட்டு, கதவு எண்ணை நீங்கள் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டாள்.

"எதுக்கும் இல்ல மேடம்" என்றார் கோவிந்தராஜ். "பழைய பேப்பர்ல இருந்துது, அதனால அனுப்பினேன். வண்டி என்ன வாசலுக்கா போகுது? ஸ்டாப்பிங் தெரிஞ்சா போதும். வேணாம்னா எடுத்துடுங்க."

யாருக்கும் தேவையில்லாத ஒரு கேள்விக்காக அம்மா கேட் அருகே நின்றிருக்கிறாள். குறைவாகக் கேள் என்று ரோஷினி தினம் சொல்வதுதான். இது தேவையா என்று ஒருவர் கோவிந்தராஜிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே அந்தக் கேள்வி போயிருக்கும். அதைக் கேட்கச் சரியான ஆள் அந்த அறையில் அவள்தான்.

எச்சரிக்கைத் தாள்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று ரோஷினி வற்புறுத்தினாள். அது ஹெச்.ஆர். கையில் இருக்கிறது, சொல்லிப் பார்க்கிறேன் என்றார் கோவிந்தராஜ். பாஸ் எல்லோருக்கும் திரும்பக் கிடைத்துவிடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

புதிய ஸ்கீமாவை எழுதப் பெரிய நேரம் ஆகவில்லை. எம்ப்ளாயி நம்பர், ஷிப்ட், ஸ்டாப்பிங். மூன்றே விவரம். மூன்றும் கட்டாயம், நான்காவதாக எது வந்தாலும் ஆப் ஏற்காது. பெயர்கூட வேண்டியதில்லை, அது நம்பரிலிருந்தே தெரிந்துவிடும். ஏற்கெனவே சேர்ந்திருந்த முகவரிகளை எல்லாம் அழித்தாள். இதுவரை எழுதியதில் இதுதான் சின்னது. ரோஷினி படித்துப் பார்த்து, சரி என்று ஒரு வார்த்தை போட்டு அனுப்பினாள். முன்பெல்லாம் கவிப்பிரியாவின் வேலைக்குக் கீழே இரண்டு வரி புகழ்ந்து எழுதுவாள். வெங்கட் அன்று டீ வாங்கிவந்து கொடுத்தான், தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசினான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பாஸ்கள் திரும்பி வந்தன. எச்சரிக்கைத் தாள்கள் வரவில்லை. யாரும் அந்தப் பெண்களைக் கூப்பிட்டு, தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொல்லவும் இல்லை.

யாரும் சொல்லாததால் தானே சொல்வது என்று கவிப்பிரியா தீர்மானித்தாள். அடுத்த ஞாயிறு இரவு காலனியிலேயே தங்கி, திங்கள் காலை அம்மாவோடு வேன் ஸ்டாப்பிங்குக்குப் போனாள். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு டீக்கடையின் எதிரில் வேன் நிற்கும். பெண்கள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். கவிப்பிரியாவைப் பார்த்து எல்லோரும் சந்தோஷமாக விசாரித்தார்கள். அவள் முந்தின இரவு யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. ஆப்பில் வீட்டு நம்பர் கேட்டது நான்தான், உங்கள் பெயர்களை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பியதும் நான்தான், தெரிந்தேதான் செய்தேன், மன்னித்துவிடுங்கள் என்று கடகடவென்று சொல்லி முடித்தாள்.

சித்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஆபீசில் சொன்னதைத்தானே நீ செய்தாய் என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். நம்பர் கட்டாயம் என்று ஆபீசில் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்றாள் கவிப்பிரியா. அதன் பிறகு அவர்கள் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வேன் லேட்டாகிறதே என்று ரோட்டைப் பார்த்தார்கள். காவ்யாவின் அம்மா மட்டும் நாகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். நாகவல்லி தலையைக் குனிந்திருந்தாள். அம்மாவையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டோம் என்பது கவிப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கலைவாணி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து, கொஞ்சம் தள்ளி, மூடியிருந்த ஒரு கடையின் முன்னால் தனியாக நின்றாள். முன்பெல்லாம் இவர்களோடு வந்து நிற்பாளாம். கவிப்பிரியா அவளிடம் போனாள். மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். கலைவாணி முழுக்கக் கேட்டாள். நடுவில் ஒருமுறை டீக்கடைப் பக்கம் திரும்பி, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள்.

"நம்பர் குடுத்தது நான்" என்றாள். "அதுக்கு எங்க மாமனாரு இன்னா பேசுனாருன்னு உனுக்கு தெரியாது. தெரிய வேணாம். வேலைக்கே போவாதன்னு பத்து நாளு ஊட்லயே ரகளை. எங்க ஊட்டுக்காரருதான் பேசி அனுப்பி வெக்கிறாரு, இவுங்களோட நிக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு."

"நான் வந்து உங்க ஊட்ல பேசட்டுமா?" என்று கவிப்பிரியா கேட்டாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்தது.

கலைவாணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ வந்து?" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இளகியது. "வேணாம். ஒங்கம்மா கிட்ட மட்டும் சொல்லு, உள்ள போனப்புறம் நான் எப்பவும் போலதான் இருப்பேன்னு. இங்க பேசலேன்னு மனசுல வெச்சிக்க வேணாம்."

வேன் வந்தது. கலைவாணி முதலில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். காலனிப் பெண்கள் பின் சீட்டுகளுக்குப் போனார்கள். நாகவல்லி கடைசியாக ஏறினாள். படியில் கால் வைக்கும்போது வீக்கம் இன்னும் முழுக்க வடியவில்லை என்பது தெரிந்தது. ஏறி நின்று திரும்பி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நீ கிளம்பு என்றாள்.

வேன் போன பிறகும் கவிப்பிரியா அங்கேயே நின்றிருந்தாள். டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம், யார் பெண் இது என்று கேட்டார். அந்த இன்னொருவருக்குத் தெரியவில்லை.

கவிப்பிரியா அவர்கள் பக்கம் திரும்பினாள். "காலனியில நாகவல்லி பொண்ணு" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள்.